மஞ்சக் கடுதாசியும் மைசூர் சைட்டும்

நம்ம ஊரில் ஒருவர் கடனில் மூழ்கிவிட்டால் "மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்" என்பார்கள். கோர்ட் விவகாரம் கொஞ்சம் தெரிந்தவர்கள் "ஐ.பி. குடுத்துட்டான்" என்பார்கள். ஐ.பி. என்றால் இன்சால்வென்சி பெட்டிஷன், அதாவது திவால் மனு. இரண்டிலுமே ஒரு நக்கல் இருக்கும். ஊர்ப் பணத்தை ஏப்பம் விட்டவன் என்று அர்த்தம்.

அமெரிக்கா வந்த பிறகு பார்த்தால், பாங்க்ரப்ட்ஸி மனு போடுகிறவர்களில் பலர் வேலை போனவர்கள், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி பில் தலையில் விழுந்தவர்கள். நம் குடும்பங்களும் இதற்கு விலக்கில்லை. அப்படி ஒரு நிலை வரும்போது எழும் கேள்விகள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். இந்த வருஷ டாக்ஸ் ரீஃபண்ட் போய்விடுமா? நகை? ஊரில் வாங்கிப் போட்ட சைட்? (கர்நாடகத்தில் வீட்டு மனைக்கு சைட் என்றுதான் பெயர். மைசூர்த் தமிழர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.)

உடனே யாராவது ஒருவர் சொல்லும் யோசனையும் ஒன்றுதான். "பேசாம அண்ணன் பேருக்கு மாத்திடு."

இந்த யோசனைக்குச் சட்டம் பதில் சொல்லி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மைசூரிலிருந்தே தொடங்குவோம்.

ராஜாவின் கடன்

மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1799-ல் ஐந்து வயதில் பட்டத்துக்கு வந்தவர். 1831-ல் ஆங்கிலேயர்கள் ஆட்சியைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். ராஜாவுக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் என்று ஏற்பாடு. ஆட்சி போனாலும் அரண்மனைச் செலவு குறையவில்லை. கடன் சேர்ந்தது.

1868 மார்ச்சில் அவர் காலமானபோது வாரிசு சாமராஜேந்திர உடையார் சின்னப் பையன். அரண்மனை விவகாரங்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு மேஜர் எலியட் என்ற அதிகாரியிடம் வந்தது. அவருக்கு உதவியாக சென்னை ராஜதானியிலிருந்து வரவழைக்கப்பட்டவர் ரங்காச்சார்லு, செங்கல்பட்டு ஜில்லாக்காரர். பின்னால் 1881-ல் மைசூரின் திவான் ஆனாரே, அதே ரங்காச்சார்லுதான். அவருடைய மைசூர் வாழ்க்கை அரண்மனைக் கணக்குப் புத்தகங்களில்தான் ஆரம்பித்தது.

ராஜா திவால் கோர்ட்டுக்குப் போகவில்லை. ஆனால் வேலை கிட்டத்தட்ட அதேதான். யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தச் சொத்து சமஸ்தானத்துடையது, எது ராஜாவின் சொந்தம், எதை விற்கலாம், எதைத் தொடக்கூடாது? எந்தத் திவாலிலும் முதலில் வேண்டியது பட்டியல். பணம் அதற்குப் பிறகுதான்.

சட்டம் விட்டு வைப்பது

சாதாரண ஜனங்களுக்கு என்ன கதி? அந்தக் காலத்தில் கடனைக் கட்டாதவனுக்கு சிவில் ஜெயில் உண்டு. கல்கத்தா, பம்பாய், மதராஸ் நகரங்களுக்கு 1848-லேயே ஒரு திவால் சட்டம் இருந்தது. 1906 அக்டோபர் 22-ஆம் தேதி மதராஸில் அர்பத்நாட் பேங்க் கதவைச் சாத்தியபோது ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு மாட்டிக்கொண்டது. சர் ஜார்ஜ் அர்பத்நாட் ஜெயிலுக்குப் போனார். அந்தச் சூட்டில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானவர்கள் 1907-ல் இந்தியன் பேங்கைத் தொடங்கினார்கள். அதன் பிறகு வந்ததுதான் மூன்று ராஜதானி நகரங்களுக்கான 1909-ஆம் வருஷத்துச் சட்டம். மற்ற இடங்களுக்கு 1907-ல் ஒரு சட்டம் வந்து, 1920-ல் அதற்குப் பதிலாக இன்னொன்று வந்தது. 1920 சட்டப்படி 500 ரூபாய்க் கடன் இருந்தாலே ஒருவர் தானே மனு போடலாம்!

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. ஜப்தி செய்யக்கூடாதவை என்று 1908-ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. கணக்குப் புத்தகங்களைத் தவிர அந்தப் பொருட்கள் திவாலிலும் கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போகாது என்கிறது 1920 சட்டம். பட்டியலைப் பாருங்கள்:

- உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை
- மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை (தாலி என்று நாம் படித்துக்கொள்ளலாம்)
- கைத்தொழில்காரரின் கருவிகள்
- விவசாயியின் ஏர், மாடு, விதை நெல் (தேவையான அளவுக்கு), குடியிருக்கும் வீடு
- கணக்குப் புத்தகங்கள்
- கூலிக்காரர், வீட்டு வேலைக்காரர் சம்பளம், அரசாங்கப் பென்ஷன், பி.எஃப்.
- 1976 திருத்தத்துக்குப் பிறகு ஆயுள் காப்பீட்டுப் பணமும்

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் தெரியும். விழுந்தவன் மறுநாள் காலையில் எழுந்து வேலைக்குப் போக என்ன வேண்டுமோ, அதைச் சட்டம் விட்டுவைக்கிறது. விதை நெல்லைப் பிடுங்கினால் அடுத்த வெள்ளாமை இல்லை, கடன் கொடுத்தவனுக்கும் ஒன்றும் கிடைக்காது. கருணை பாதி, கணக்கு பாதி.

மைசூரில் வாழ்ந்த ஆர்.கே. நாராயண் 1952-ல் எழுதிய 'தி ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்' நாவலின் மார்கய்யா ஞாபகம் வருகிறார். (1983-ல் கன்னடத்தில் 'பேங்கர் மார்கய்யா' என்று படமாக வந்தது.) ஊரார் பணத்தை டெபாசிட் வாங்கிக் குவித்து, கடைசியில் எல்லாம் சரிந்தபோது அவருக்கு மிச்சம், ஆலமரத்தடியில் தொழில் ஆரம்பித்த பழைய தகரப் பெட்டிதான். 60-ஆம் பிரிவின்படி பார்த்தாலும் அதுதான் மிஞ்சும்: தொழில் கருவி.

அண்ணன் பேருக்கு மாற்றினால்?

1920 சட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. சும்மா எழுதிக்கொடுத்த சொத்து என்றால், எழுதிக்கொடுத்த இரண்டு வருஷத்துக்குள் அவர் திவாலானால் அந்த மாற்றம் செல்லாமல் போகலாம். நியாயமான விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு மட்டும் பாதுகாப்பு. ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகை காட்டிப் பணத்தைக் கொடுத்துவிட்டு மூன்று மாதத்துக்குள் மனு போட்டாலும் அதே கதைதான்.

அமெரிக்கச் சட்டம் இன்னும் கறார். மனுவுக்கு முந்தைய இரண்டு வருஷத்தில் சும்மா கொடுத்ததை டிரஸ்டி திரும்பக் கேட்கலாம். மாநிலச் சட்டப்படி இன்னும் பின்னால்கூடப் போகலாம். அண்ணன், மாமனார் போன்ற சொந்தக்காரர்களின் கடனை மட்டும் முந்தைய ஒரு வருஷத்துக்குள் அடைத்திருந்தால் அதையும் அவர்களிடமிருந்து திரும்ப வாங்கலாம். "அண்ணனுக்கு முதலில் கொடுத்துவிடுவோம்" என்பது நமக்கு மரியாதை. கோர்ட்டுக்கு அது ஓரவஞ்சனை.

முக்கியமான இன்னொன்று. சொத்து உலகத்தில் எங்கே இருந்தாலும் அது திவால் கணக்கில் சேரும் என்பது அமெரிக்கச் சட்டம். குவெம்புநகரில் இருக்கும் சைட், ஊர் பேங்கில் இருக்கும் டெபாசிட், லாக்கர் நகை எல்லாவற்றையும் எழுதியே ஆகவேண்டும். "இவங்களுக்கு எப்படித் தெரியும்" என்று விட்டால், மறைத்த சொத்தோடு கடன் தள்ளுபடியும் போகலாம், கிரிமினல் வழக்கும் வரலாம். விசாவில் இருப்பவர்களுக்கு அதன் விளைவைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ரீஃபண்ட் யாருக்கு?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974-ல், கொகோஸ்கா எதிர் பெல்ஃபோர்ட் வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தொகை சுமார் 250 டாலர்தான். சம்பளத்தில் பிடித்த வரிதானே திரும்ப வருகிறது, சம்பளத்துக்கு உள்ள பாதுகாப்பு இதற்கும் வேண்டும் என்பது வாதம். இல்லை, ரீஃபண்ட் ஒரு சொத்து, டிரஸ்டிக்குத்தான் போகும் என்பது தீர்ப்பு.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1978 சட்டத்தில் விலக்குகளின் பட்டியல் ஒன்று வந்தது. அதில் எந்தப் பொருளுக்கும் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய ஒரு பொதுத் தொகையும் உண்டு. ரீஃபண்டை அதில் காட்டிப் பலர் காப்பாற்றிக்கொள்கிறார்கள். பல மாநிலங்களில் மாநிலப் பட்டியலைத்தான் எடுத்தாக வேண்டும். தொகைகளும் அவ்வப்போது மாறும். 401கே சேமிப்புக்கும் பாதுகாப்பு உண்டு. கனடாவில் திவாலான வருஷத்து ரீஃபண்ட் டிரஸ்டிக்குப் போகும். சிங்கப்பூரில் சி.பி.எஃப். பணத்தைக் கடன்காரர்கள் தொட முடியாது. இந்தியாவில் 60-ஆம் பிரிவுப் பட்டியலில் வரி ரீஃபண்ட் என்று ஒரு வரி கிடையாது. வரி பாக்கி இருந்தால் வருமான வரித்துறையே அதைக் கழித்துக்கொள்ளும்.

2016-ல் இந்தியாவில் புதிய திவால் சட்டம் வந்தது. அதிலும் பழைய பட்டியல் புது உருவத்தில் இருக்கிறது. தொழில் கருவி, வீட்டுச் சாமான், காப்பீடு, பென்ஷன், அடகில் இல்லாத மத வழக்க நகை, அடகில் இல்லாத ஒரு வீடு. 2019 விதிகளின்படி நகைக்கு ஒரு லட்சம், நகரத்து வீட்டுக்கு 20 லட்சம், கிராமத்து வீட்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரம்பு. இன்றைய மைசூரில் 20 லட்சத்துக்குள் வீடு எங்கே என்று கேட்காதீர்கள்! தனிநபர் பகுதி 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் நடைமுறைக்கு வந்தது.

நான் வக்கீல் இல்லை. மனு போடும் நிலை வந்தால், ரீஃபண்ட் வருவதற்கு முன்பே, எந்தச் சொத்தையும் நகர்த்துவதற்கு முன்பே, உங்கள் மாநிலத்து வக்கீலைப் பாருங்கள். ஊர்ச் சொத்து உட்பட எல்லாவற்றையும் அவரிடம் சொல்லுங்கள். சட்டம் விட்டுக்கொடுப்பது பட்டியலில் எழுதிய பொருளுக்குத்தான். தாலியும் தறியும் விதை நெல்லும் தப்பித்தது அவை பட்டியலில் இருந்ததால். ஒளித்து வைத்ததற்கு எந்தச் சட்டத்திலும் விலக்கு இல்லை.

மஞ்சக் கடுதாசி என்று சிரிக்கும் நம் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கடுதாசி இல்லாத காலத்தில் கடனாளிக்கு ஜெயில் இருந்தது, அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்குத் தெரு இருந்தது. விழுந்தவன் எழுந்திருக்க ஒரு வழி வைத்த சட்டம் அது. கையெழுத்துப் போடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.