ஷட் டவுன் ஆகாமல் அடம்பிடிக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டர்: ஷேர்டு ஃபைல் எரர் ஏன் வருகிறது? சரிசெய்வது எப்படி?

நீலகிரியில் சிறு விவசாயிகள் கொடுக்கும் பச்சைத் தேயிலையின் எடையை வைத்துத்தான் அவர்களுக்கான பணம் கணக்கிடப்படுகிறது. இந்த எடைக் கணக்கு ஒரு கம்ப்யூட்டரில் எக்செல் ஃபைலாக இருக்கிறது, மற்றவர்கள் அதை நெட்வொர்க் வழியாகத் திறக்கிறார்கள் என்றால், மாலையில் ஆஃப் பண்ணும் நேரத்தில் கவனம் தேவை. எதை முதலில் ஆஃப் பண்ணுவது என்ற வரிசை மாறினால், அன்றைய பதிவே காணாமல் போகலாம்.

எரர் ஏன் வருகிறது?

ஃபைல் உங்கள் திரையில் தெரிந்தாலும், அது இருப்பது மெயின் கம்ப்யூட்டரில். அதை யாராவது முதலில் ஆஃப் பண்ணிட்டா, நீங்கள் 'சேவ்' கொடுத்தாலும் விவரம் போய்ச் சேர இடம் இருக்காது.

'டிலேய்டு ரைட் ஃபெயில்டு' என்று வந்தால், விவரம் முழுதாகப் பதிவாகவில்லை என்று அர்த்தம். 'திஸ் ஆப் இஸ் பிரிவென்டிங் ஷட் டவுன்' என்றால், ஏதோ ஒரு ஆப் இன்னும் மூடவில்லை. சேவ் ஆகாத ஃபைல்தான் இதற்குப் பெரும்பாலும் காரணம். அவசரத்தில் 'ஷட் டவுன் எனிவே' அழுத்த வேண்டாம். 'கேன்சல்' கொடுத்து, 'சேவ் ஆஸ்' மூலம் ஃபைலை உங்கள் டெஸ்க்டாப்பில் வையுங்கள்.

சரியான வரிசை என்ன?

1. எல்லோரும் ஃபைலை சேவ் செய்து மூட வேண்டும்.

2. மற்ற கம்ப்யூட்டர்களை ஆஃப் பண்ண வேண்டும்.

3. மெயின் கம்ப்யூட்டரில் ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து, 'கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்', 'ஷேர்டு ஃபோல்டர்ஸ்', 'ஓப்பன் ஃபைல்ஸ்' என்று செல்லுங்கள். யார் எந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். பட்டியல் காலியாக இருந்தால் தாராளமாக ஆஃப் பண்ணலாம்.

லினக்ஸ் என்றால்?

பாஸ் லினக்ஸ், உபுண்டு போன்றவற்றில் ஷேர்டு ஃபோல்டரை விடுவிக்கும் முன்பே வைஃபை துண்டிக்கப்படுவது உண்டு. அப்போது 'ஸ்டாப் ஜாப்' என்று காட்டி, ஒன்றரை நிமிடம் வரை கம்ப்யூட்டர் காத்திருக்கும். ஷட் டவுனுக்கு முன் ஃபோல்டரை 'அன்மவுண்ட்' செய்தாலே போதும். வைஃபைக்குப் பதில் கேபிள் போட்டால் இந்தத் தொல்லை குறையும்.

மறுநாள் ஃபைல் 'ரீட் ஒன்லி' என்கிறதா?

திடீரென ஆஃப் ஆனால், ஃபைல் இன்னும் திறந்திருப்பதாக மெயின் கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையில் யாரும் திறக்கவில்லை என்று உறுதி செய்துவிட்டு, அதே 'ஓப்பன் ஃபைல்ஸ்' பட்டியலில் அந்த ஃபைலை ரைட் கிளிக் செய்து, 'க்ளோஸ் ஓப்பன் ஃபைல்' கொடுங்கள்.

மழைக்காலத்தில் இதை மறக்காதீங்க

குன்னூர், கோத்தகிரி பக்கம் மழையில் மரம் விழுந்து கரண்ட் போவது சகஜம். பல இடங்களில் கம்ப்யூட்டருக்கு மட்டும் யூபிஎஸ் இருக்கும். நடுவில் இருக்கும் ரூட்டர் அல்லது ஸ்விட்ச் நேரடி கரண்டில் ஓடும். கரண்ட் போனதும் கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தாலும் நெட்வொர்க் அறுந்துவிடும். எனவே ரூட்டர், ஸ்விட்ச்சுக்கும் யூபிஎஸ் இணைப்பு கொடுங்கள்.

தினமும் மாலை ஆஃப் பண்ணும் முன், கடைசியாகப் பதிந்த எடை ஃபைலில் இருக்கிறதா என்று பார்த்து, பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். எடைச் சீட்டு கையில் இருக்கும்போதே விடுபட்டதைக் கண்டுபிடித்தால், விவசாயிக்கு ஒரு கிலோகூடக் குறையாது.