பொன் விளைந்த வானம் – 11: கணவருக்கு உதவியாளர்

சென்ற வாரம் சிலி நாட்டின் லாஸ் கம்பானாஸ் மலையில் நிறுத்தியிருந்தோம். ஆண்டு 2015. மகெல்லன் தொலைநோக்கி ரெட்டிக்குலம் 2 என்ற குட்டி விண்மீன் மண்டலத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. தொலைவு சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டு. மண்டலம் முழுவதும் சேர்ந்து சில ஆயிரம் சூரியன்களின் வெளிச்சம்கூடத் தேறாத பரம ஏழை. ஆதியில் கொஞ்சம் விண்மீன்கள் பிறந்ததோடு சரி, அப்புறம் அங்கே பிறப்பே இல்லை. பின்னால் வந்து எதுவும் கலக்காததால், பழைய சம்பவம் ஒன்றே ஒன்றானாலும் அதன் தடயம் அழியாமல் கிடக்கும். ஆனால் இந்த வகை மண்டலங்களில் இரும்பே அரிது. அதைவிடக் கனமான தனிமங்கள் இன்னும் அரிது என்பதுதான் அதுவரை கண்ட அனுபவம். எம்.ஐ.டி. ஆய்வு மாணவர் அலெக்சாண்டர் ஜி முதல் விண்மீனின் நிறமாலையைப் பார்த்தார். யூரோப்பியம் மண்டிக் கிடந்தது. தொலைநோக்கி சரியான விண்மீனைத்தான் பார்க்கிறதா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பார்த்த ஒன்பது விண்மீன்களில் ஏழு அப்படித்தான் இருந்தன.

அவர் சரிபார்த்துக்கொண்டிருக்கட்டும். யூரோப்பியத்தைக் கண்டு ஒருவர் ஏன் திடுக்கிட வேண்டும் என்று புரிய 1957க்குப் போக வேண்டும். போனால், மார்கரெட் பர்பிட்ஜைத் தாண்டி வர எனக்கு மனசு வராது.

1919இல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தவர். உலகப் போரில் லண்டன் விளக்கணைத்துப் பதுங்கிக் கிடந்த இரவுகளில், இருண்ட வானம் வாய்த்ததே என்று மில் ஹில் வானாய்வகத்தில் விண்மீன்களைப் படமெடுத்தவர். பறக்கும் குண்டு விழுந்த அதிர்ச்சியில் விண்மீன் பார்வையைவிட்டு விலகியதும், அதை மறுபடி நடுவில் நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். போர் முடிந்ததும் அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் ஆராயக் கார்னகி உதவித்தொகை கேட்டார். பெண்களுக்குக் கிடையாது என்று பதில் வந்தது. அங்கே பெண்களுக்குக் கழிப்பறை இல்லையாம்!

பத்தாண்டு கழித்து அதே மலைக்கு வந்தார். கணவர் ஜெஃப்ரி கோட்பாட்டுக்காரர். தொலைநோக்கி வேலையில் கை தேர்ந்தவர் மனைவி. உதவித்தொகை கிடைத்ததோ கணவருக்கு. மனைவி அவருடைய உதவியாளர் என்ற பெயரில் மலையேறினார். மற்ற வானியலர்கள் தங்கும் விடுதியில் தம்பதிக்கு இடமில்லை. தனிக் குடில், சாப்பாடும் சொந்தப் பொறுப்பு. போதாததற்கு, விரைவிலேயே கர்ப்பம் வேறு.

கால்டெக்கின் அணு இயற்பியலர் வில்லியம் ஃபௌலர், கேம்பிரிட்ஜின் சண்டைக்கோழி ஃபிரெட் ஹாய்ல், இந்தத் தம்பதி என நால்வரும் சேர்ந்து 1957இல் வெளியிட்ட கட்டுரை நூறு பக்கத்தைத் தாண்டும். முதல் பெயர் மார்கரெட்டுடையது. அகரவரிசைதான் காரணம் என்பார்கள். வரிசையே நியாயம் செய்ததாக நான் வைத்துக்கொள்கிறேன்.

அதில் சொன்னது இது. இரும்புக்கு மேலே அணுக்கருக்களைப் பிணைத்தால் ஆற்றல் கிடைக்காது, செலவுதான். ஆனால் மின்சுமையற்ற நியூட்ரான், அழைப்பில்லாமல் பந்தியில் உட்காருபவனைப் போல எந்தக் கருவுக்குள்ளும் நுழைந்துவிடும். முதிர்ந்த விண்மீன்களுக்குள் இது மெதுவாக நடந்தால் பேரியம் போன்றவை அதிகம் உருவாகும். கரு தன்னை மாற்றிக்கொள்ள அவகாசமே தராமல் நியூட்ரான்கள் மொய்த்தால் தங்கம், பிளாட்டினம், யுரேனியம், நம்முடைய யூரோப்பியம். அந்த வேக வழிக்குச் சரியான சாட்சி யூரோப்பியம். இதே முடிவுக்கு அதே ஆண்டு தனியாக வந்தவர் அலஸ்டேர் கேமரன். அவருக்கு ஒரு வாரம் ஒதுக்க வேண்டும், இன்று இடமில்லை.

1983இல் நோபல் வந்தது. பாதி ஃபௌலருக்கு, பாதி வேறு பணிக்காக, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சந்திரசேகருக்கு. சந்திரசேகருக்குக் கிடைத்ததில் யாருக்கும் குறையில்லை. ஹாய்லை விட்டது அநியாயம் என்று எழுதாதவர் இல்லை. மார்கரெட் விடுபட்டதைப் பற்றி மட்டும் ஏன் இத்தனை மெளனம்? அவர் பரிசுக்கு ஏங்கியவரும் அல்லர். பெண்களுக்கென்றே தரப்படும் ஆனி ஜம்ப் கேனன் பரிசை, அதுவும் ஒரு பாகுபாடுதான் என்று 1971இல் மறுத்தவர். மறு ஆண்டு கிரீனிச் வானாய்வகத்தின் இயக்குநரானார். அந்தப் பதவியோடு வழிவழியாக வந்த அரச வானியலர் பட்டத்தை மட்டும் அவருக்குத் தராமல் மார்ட்டின் ரைலுக்குத் தந்தார்கள். 2020இல் நூறு வயதில் காலமானார்.

நால்வரும் ஓரிடத்தில் சறுக்கினார்கள். 1952இல் பசிபிக்கில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் எச்சத்தில் கலிஃபோர்னியம் 254 கிடைத்தது. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ இரண்டு மாதம். சில சூப்பர்நோவாக்களின் ஒளி மங்கும் வேகமும் கிட்டத்தட்ட அதே. ஆகவே வேக வழியின் உலை சூப்பர்நோவாதான் என்றார்கள். அந்த ஒளிக்குக் காரணம் நிக்கல் என்பது பிறகு தெரிந்தது. ஆனாலும் சூப்பர்நோவாக் கட்சியின் செல்வாக்கு குறையவில்லை. 1974இல் ஜேம்ஸ் லாட்டிமரும் டேவிட் ஷ்ராமும், கருந்துளையிடம் சிக்கிக் கிழியும் நியூட்ரான் விண்மீனைப் பாருங்கள் என்றார்கள். வெகுகாலம் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. லாட்டிமரோடு அடுத்த வாரம்.

(தொடரும்)