கொல்லிமலையில் துயரும் சமாதானமும்: பிராண்ட் குடும்பத்தின் ஊழியம், 1913–1974

கொங்கு நாட்டுச் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தின் வரலாறு பெரும்பாலும் நகரங்களிலிருந்தே எழுதப்பட்டிருக்கிறது. லண்டன் மிஷனைச் சேர்ந்த ஹென்றி கிறிஸ்ப் 1827இல் சேலத்திலும், வில்லியம் ஆடிஸ் 1830இல் கோயம்புத்தூரிலும் பணியைத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடம், ஆலயம், மருத்துவமனை என்று அந்த வரலாறு கட்டடம் கட்டடமாக வளர்கிறது. ஆனால் இடுக்கண் வந்த வேளையில் விசுவாசம் ஒரு மனிதருக்கு எதைக் கொடுத்தது என்ற கேள்விக்குக் கட்டடங்கள் பதில் சொல்வதில்லை. அதற்குக் கொங்கின் கிழக்கு ஓரத்துக்குப் போக வேண்டும்.

இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலை அன்றைக்குச் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட இன்றைய சாலை அப்போது கிடையாது. ஒற்றையடிப் பாதையில் நடந்துதான் ஏற வேண்டும். முடியாதவர்களை டோலியில் தூக்கிச் செல்வார்கள். மலேரியாவுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் அங்கே இராத்தங்கத் தயங்கினார்கள். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் ஓவியம் பயின்ற லண்டன் பெண்ணான ஈவ்லினும் 1913இல் திருமணம் முடித்த கையோடு அந்த மலையில் குடியேறினார்கள். வாழவந்தியில் ஒரு மரவீடு அவர்களுக்கு இருப்பிடமானது.

ஜெஸ்ஸிக்கு மருத்துவப் பட்டம் இல்லை. வெப்பமண்டல நோய்கள் பற்றிய பயிற்சி மட்டும் இருந்தது. பல் பிடுங்கினார், புண்ணுக்குக் கட்டுப் போட்டார், நரம்புச் சிலந்தியை எடுத்தார். தோலைப் பொத்துக்கொண்டு வெளியே தலைகாட்டும் அந்தப் புழுவை ஒரு சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் அறுந்து, உள்ளே தங்கிய பகுதி சீழ் வைக்கும். நோயாளிகள் வந்தார்கள், குணமானார்கள், வீட்டுக்குப் போனார்கள். ஆனால் ஆண்டுகள் பல கடந்தும் ஞானஸ்நானம் பெற ஒருவர்கூட முன்வரவில்லை. பூசாரிகளின் எதிர்ப்பு பலமாக இருந்தது.

திருப்பம் ஒரு கொள்ளைநோயோடு வந்தது. இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 1918ஆம் ஆண்டின் இன்ஃப்ளூயன்சா மலைக்கும் ஏறியது. வீட்டுக்கு வீடு ஆட்கள் சுருண்டு கிடந்தபோது, நலமாக இருந்தவர்கள் ஓடிப்போனார்கள். படுத்தவர்கள் காய்ச்சலால் மட்டும் சாகவில்லை. வாயில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமலும் செத்தார்கள். பிராண்ட் தம்பதியர் பெரிய பாத்திரத்தில் அரிசிக் கஞ்சி காய்ச்சி, வீடு வீடாகப் போய்க் கரண்டியால் புகட்டினார்கள். அவர்களைக் கடுமையாக எதிர்த்த பூசாரி ஒருவரும் நோயில் விழுந்தார். கடைசி நேரத்தில் தம் பெண் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டுக் கண்மூடினார். கொல்லிமலைத் திருச்சபையின் வரலாறு இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இந்தச் செய்திகளைத் தருபவர்கள் மகன் பால் பிராண்டும், ஈவ்லினின் வாழ்க்கையை எழுதிய டோரதி கிளார்க் வில்சனும்தான். கொல்லிமலைப் பழங்குடிகளான மலையாளி மக்களின் குரல் இவற்றில் நேரடியாக ஒலிப்பதில்லை. பூசாரியின் முடிவை மதக் கோட்பாட்டுக்குக் கிடைத்த வெற்றியாக வாசிக்க வேண்டியதில்லை. தம் பிள்ளையை யார் கைவிடமாட்டார்கள் என்று சாகும் தறுவாயில் அவர் கணித்தார். அந்தக் கணிப்பே போதுமான சான்று.

மற்றவர்களைத் தேற்றிய அந்த வீட்டுக்கே 1929 ஜூனில் இடி விழுந்தது. மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில், 44 வயதில் ஜெஸ்ஸி இறந்தார். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த பாலுக்குத் தந்தியில் செய்தி போனது. கப்பல் தபாலோ மெதுவானது. அப்பா உயிரோடிருந்தபோது எழுதிய கடிதம், மரணச் செய்திக்குப் பிறகு மகன் கைக்கு வந்து சேர்ந்தது.

விசுவாசி என்றால் துக்கம் தீண்டாது என்று பேசும் பிரசங்கங்கள் உண்டு. ஈவ்லினின் வாழ்க்கை அப்படிச் சொல்லவில்லை. இங்கிலாந்து திரும்பிய தாயைக் கப்பலடியில் கண்ட பால் திடுக்கிட்டார். நிமிர்ந்து நடந்த அழகிய அம்மா ஐம்பது வயதிலேயே நரைத்து, கூனி, கிழவியாக இறங்கி வந்தாள் என்று அவரே எழுதியிருக்கிறார். ஜெபம் அந்தத் துயரத்தைத் துடைத்துவிடவில்லை. துயரத்தோடே மறுபடி எழுந்து நடக்கும் தெம்பைத் தந்தது. ஈவ்லின் இந்தியாவுக்குத் திரும்பினார். மிஷன் அவரைச் சமவெளியில் அமர்த்தியது. மனமெல்லாம் மலையில்தான் இருந்தது.

அறுபத்தெட்டு வயதில் மிஷன் ஓய்வு கொடுத்தது. ஓய்வை ஏற்றுக்கொண்டு, சொந்தப் பொறுப்பில் மலையேறினார். ஜெஸ்ஸியும் அவரும் கொல்லிமலையோடு நின்றுவிடாமல் சுற்றியுள்ள மலைகளுக்கும் போகத் திட்டமிட்டிருந்தார்கள். கல்வராயன் உள்ளிட்ட அந்த மலைகளுக்கு இப்போது தனியாகப் போனார். எழுபத்தைந்தாம் வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, கயிற்றுக் கட்டிலில் நான்கு பேர் சுமந்து மலையிறக்கினார்கள். இனி மேலே போகவேண்டாம் என்று வேலூரில் அறுவைச் சிகிச்சை நிபுணராக இருந்த மகன் கெஞ்சினார். பிழைத்த உடம்பைப் பத்திரப்படுத்தி என்ன பயன் என்பது தாயின் வாதம். இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தும், குதிரை மேலும் ஊர் ஊராகப் போனார். மக்கள் அவரைப் பாட்டி என்றே அழைத்தார்கள். 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர்கள் எதிர்த்துப் போராடிய நோய்களில் ஒன்றுக்கு முடிவு பிறகு வந்தது. கிணறுகளைப் பாதுகாத்து, நீரை வடிகட்டிக் குடிக்கப் பழக்கிய நாடு தழுவிய திட்டத்தால் நரம்புச் சிலந்தி ஒழிந்தது என்று 2000இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்றளித்தது. கொங்குத் திருச்சபையின் வரலாற்றில் கொல்லிமலை இன்னும் அடிக்குறிப்பாகவே இருக்கிறது. கஞ்சி குடித்துப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வாழ்கிறார்கள். அவர்களின் வாய்மொழியைத் தொகுப்பதே இத்துறை ஆய்வாளர்கள் உடனே செய்ய வேண்டிய வேலை.