ஆற்று நோட்டம் (காவிரி)

மீன்பிடிப் பருவம் அல்லாத மாதங்களில் ஆற்றின் அமைப்பைத் தூண்டில்காரர்கள் நேரில் பார்த்துக் குறித்துவைக்கும் முறை. பெங்களூருவிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில், காவிரிக்கரையிலுள்ள பீமேஸ்வரி, காலிபோரே, தொட்டமக்களி ஆகிய இடங்கள் மகசீர் மீன்பிடிப்புக்குப் புகழ்பெற்றிருந்தன.

முறை: கடுங்கோடையில் நீர் வடியும்போது மடுக்கள், மூழ்கிக் கிடந்த பாறைகள், ஓடை கலக்கும் வாய்கள் ஆகியவை வெளியே தெரியும். மகசீர் இழுப்பு மிகுந்த நீரை ஒட்டிய பாறை மறைவில் ஒதுங்கி இரை தேடும். ஆதலால் கரைமரத்தையோ பாறையையோ அடையாளமாக வைத்து இவ்விடங்களைக் குறித்துக்கொண்டால், நீர் உயர்ந்த பின்னும் தூண்டில் வீச வேண்டிய இடம் தெரியும். பருவமழை வெள்ளம் மணல்திட்டுகளை இடம்மாற்றுவதால் ஆண்டுதோறும் புதிதாகப் பார்ப்பது அவசியம்.

இன்றைய நிலை: இக்கரைகள் 1987இல் அமைந்த காவிரி வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தவை, 2010களின் தொடக்கத்தில் இங்கே தூண்டில் விளையாட்டு நிறுத்தப்பட்டது. காவிரி வடிநிலத்துக்கே உரிய கூன்முதுகு மகசீர் 2018இல் ‘டோர் ரெமாதேவி’ என அடையாளம் காணப்பட்டு, மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டது. எனவே ஆற்றை அறியும் இந்தத் திறன் இன்று மடுக்களைக் காக்கவே பயன்பட வேண்டும்.