துணைவர் விசா விண்ணப்ப காலம் (கன்னியாகுமரி மாவட்டம்)

வெளிநாட்டில் வேலை செய்யும் அல்லது குடியேறிய ஒருவர், ஊரில் இருக்கும் கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொள்ள எந்த நாளில் விண்ணப்பம் போடுவது என்ற முடிவைப் பற்றியது இக்கட்டுரை. கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த முடிவு பெரும்பாலும் கல்யாணப் பேச்சோடு சேர்ந்தே தொடங்கிவிடுகிறது. மாப்பிள்ளைக்கு எத்தனை நாள் லீவு, பெண்ணுக்கு எப்போது விசா கிடைக்கும் என்பவை நிச்சயத்தின்போதே கேட்கப்படும் கேள்விகள். "சீக்கிரம் போட்டுவிடு" என்பதுதான் பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை. விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து வரிசை எண் ஓடும் நாடுகளில் அது சரி. விண்ணப்பம் போடும் நாளில் சான்றுகள் முதிர்ந்திருக்க வேண்டும் என்று கேட்கும் நாடுகளில் அதே அவசரம் கட்டணத்தையும் மாதங்களையும் விழுங்கிவிடும். எந்த நாடு எந்த வகை என்று அறியாமல் நாள் குறிக்கக் கூடாது.

பின்னணி

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்து இம்மாவட்டம் உருவானது. வெளிநாட்டுப் பிழைப்பு இங்கே அதற்கும் முந்தியது. இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் போனவர்களுக்குப் பின், 1970களிலிருந்து வளைகுடா வந்தது. கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் அங்குள்ள முதலாளிகளின் படகுகளில் வேலைக்குப் போனார்கள். நெய்யூர் எல்.எம்.எஸ். மருத்துவமனை, நாகர்கோவில் கேத்தரின் பூத் மருத்துவமனை போன்ற மிஷன் மருத்துவமனைகளின் மரபில் வளர்ந்த செவிலியர் தொழில், பெண்களை முதலில் வளைகுடாவுக்கும் பிறகு பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவுக்கும் கொண்டு சென்றது. அதனால் மனைவி ஸ்பான்சராகவும் கணவன் ஊரில் காத்திருப்பவராகவும் உள்ள குடும்பங்களை இம்மாவட்டத்தில் சாதாரணமாகப் பார்க்கலாம். படகில் போன மீனவரின் மனைவிக்கோ பெரும்பாலும் குடும்ப விசா என்ற பேச்சே எழுவதில்லை.

திருமணமும் பதிவும்

எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் முதல் காகிதம் திருமணச் சான்றிதழ். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 எல்லா மதத்தினருக்கும் பதிவைக் கட்டாயமாக்கியது. திருமணம் நடந்த 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள் உண்டு. விண்ணப்பத்தில் கணவன் மனைவி இருவரின் கையெழுத்தும் வேண்டும். நாற்பது நாள் லீவில் வந்தவர் மறுவீடு, விருந்து என்று ஊர் சுற்றிவிட்டு விமானம் ஏறினால், அடுத்த லீவுக்குள் இந்தக் காலக்கெடு முடிந்திருக்கும். கல்யாணம் முடிந்த முதல் வாரத்திலேயே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுவதே நல்லது. இந்த ஒரு வேலையில் மட்டும் அவசரம் எந்த நாட்டிலும் கெடுதல் செய்யாது.

கிறிஸ்தவர்கள் மிகுந்த மாவட்டம் இது. மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, பங்குத்தந்தை கையெழுத்திட்டுக் கொடுக்கும் சான்றே போதும் என்று இங்கு பலர் நினைக்கிறார்கள். இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், 1872 தன் எல்லைப் பிரிவிலேயே பழைய திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதியை விலக்கி வைத்திருந்தது என்பதை வேறு மாவட்டத்தில் இருந்துகொண்டு ஆலோசனை சொல்பவர்கள் அறிந்திருப்பதில்லை. கோயில் சான்றோடு அரசுப் பதிவுச் சான்றும் கையில் இருந்தால் எந்தத் தூதரகத்திலும் கோயில் சான்று சட்டப்படி செல்லுமா என்ற கேள்விக்கு இடமிராது.

மதம் வேறான இணையருக்கும், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரை மணப்போருக்கும் பொதுவாக வழியாவது சிறப்புத் திருமணச் சட்டம், 1954. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் தொடர்ந்து தங்கியிருந்து நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆட்சேபத்துக்காக மேலும் 30 நாள் காத்திருக்க வேண்டும். ஊரில் இருப்பவர் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து வைத்தால்தான் ஒரு மாத லீவில் வருபவரால் இதை முடிக்க முடியும். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் அது காலாவதியாகும்.

அடுத்தது பெயர். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் இன்னொரு பெயர், பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதிய மூன்றாவது பெயர் என்று ஒரே ஆள் மூன்று ஆளாக நிற்பது இங்கு சர்வ சாதாரணம். கல்யாணம் ஆனதும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை எடுத்துவிட்டுக் கணவன் பெயரைச் சேர்க்கும் வேலையும் தொடங்கிவிடும். விண்ணப்பம் பாதி வழியில் இருக்கும்போது பெயர் மாறினால் ஒவ்வொரு காகிதத்துக்கும் விளக்கம் எழுத வேண்டியிருக்கும். பெயர் மாற்றத்தை விண்ணப்பத்துக்கு முன்பே முடிக்க வேண்டும், இல்லையென்றால் விசா கிடைத்து இறங்கும்வரை தொடவே கூடாது.

அமெரிக்கா

விண்ணப்ப நாளுக்கு மிக அதிக மதிப்புள்ள நாடு இதுதான். ஸ்பான்சர் செய்பவர் ஐ-130 என்ற மனுவைக் கொடுக்கிறார். 2024 ஏப்ரல் 1 முதல் அதன் கட்டணம் ஆன்லைனில் 625 டாலர், தாளில் 675 டாலர். ஸ்பான்சர் அமெரிக்கக் குடிமகன் அல்லது குடிமகள் என்றால் துணைவருக்கு ஆண்டு ஒதுக்கீடு கிடையாது. மனு, தேசிய விசா மையத்தின் காகித வேலை, மும்பை துணைத் தூதரகத்தில் இண்டர்வியூ என எல்லாம் முடிய ஓராண்டைத் தாண்டுவது வழக்கம். ஸ்பான்சர் கிரீன் கார்டு மட்டும் வைத்திருந்தால் துணைவர் எஃப்2ஏ பிரிவில் வரிசையில் நிற்க வேண்டும். மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளே அந்த வரிசையில் அவருடைய இடம். 2019 ஜூலை முதல் 2023 மார்ச் வரை இந்தப் பிரிவில் காத்திருப்பே இல்லாமல் இருந்தது. 2023 ஏப்ரலில் தேதி பின்னோக்கிப் போனது. வரிசை இல்லாதபோது நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டவர்களுக்கு அந்த ஏப்ரல் பெரிய அடி. எஃப்2ஏ வரிசையில் நிற்கும்போதே ஸ்பான்சர் குடியுரிமை பெற்றுவிட்டால் மனு ஒதுக்கீடற்ற பிரிவுக்கு மாறிவிடும். அப்போது துணைவரின் மனுவோடு சேர்ந்து வந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்குத் தனித்தனி மனு தேவைப்படும். இதைக் கவனிக்காமல் தாய்க்கு விசா வந்து குழந்தைக்கு வராமல் போவது, முன்னேற்பாட்டால் தவிர்க்கக்கூடிய துயரம்.

குமரி மாவட்டச் செவிலியர்களுக்கு இதைவிட முக்கியமான நாள் ஒன்று உண்டு. மருத்துவமனை ஸ்பான்சர் செய்யும் இபி-3 பிரிவில் இந்தியாவில் பிறந்தவர்கள் பல ஆண்டு காத்திருந்துதான் கிரீன் கார்டு பெறுகிறார்கள். செவிலியர் நிரந்தரக் குடியிருப்பாளராக அமெரிக்காவில் காலெடுத்து வைக்கும் நாளுக்கு முன்பு திருமணம் நடந்திருந்தால், கணவன் அதே மனுவில், அதே வரிசைத் தேதியில் கூடவோ பின்னாலோ போகலாம். புது மனு வேண்டாம். இறங்கிய மறுவாரம் லீவு போட்டு வந்து கல்யாணம் செய்தால் கணவனுக்கு எஃப்2ஏ வரிசை முதலிலிருந்து தொடங்கும். நிச்சயம் முடிந்து, "விசா வரட்டும், பிறகு கல்யாணம் வைத்துக்கொள்ளலாம்" என்று வீட்டார் முடிவெடுப்பதுண்டு. அந்தத் தள்ளிவைப்பு அந்த இணையருக்குச் சில ஆண்டுகளைப் பறித்துவிடும். விசா இண்டர்வியூவுக்கு முன் கோயிலில் எளிமையாகத் தாலி கட்டிவிட்டு, விருந்தைப் பிறகு வைத்துக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

நேர்மாறான நிலையும் உண்டு. கிரீன் கார்டு வைத்திருக்கும் அப்பா அல்லது அம்மா, திருமணமாகாத வளர்ந்த மகனுக்கோ மகளுக்கோ போட்ட மனு, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆன நாளிலேயே செத்துவிடும். அங்கே கல்யாணத்துக்கு முன், பெற்றோர் குடியுரிமை பெறும் நாளைப் பார்த்தாக வேண்டும்.

இன்னொரு கணக்கு கல்யாணத்தின் இரண்டாம் ஆண்டு நிறைவு நாள். துணைவர் அமெரிக்காவில் நுழையும் நாளில் திருமணம் ஆகி இரண்டு ஆண்டு நிறையவில்லை என்றால் சிஆர்-1, அதாவது இரண்டு ஆண்டுக்கான நிபந்தனைக் குடியிருப்பு. அது முடியும் முன் கடைசி 90 நாளுக்குள் ஐ-751 என்ற மனுவை மறுபடி கொடுத்து, உண்மையான தாம்பத்தியம்தான் என்று நிரூபிக்க வேண்டும். இரண்டு ஆண்டு நிறைந்திருந்தால் ஐஆர்-1, பத்து ஆண்டு அட்டை. கணக்கில் வருவது மனு போட்ட நாள் இல்லை, நுழையும் நாள். விசா பொதுவாக ஆறு மாதம் செல்லும் என்பதால், கையில் விசா கிடைத்தபின் கல்யாண நாளுக்குச் சில வாரமே பாக்கி என்றால் பயணத்தை அதற்கு அப்பால் தள்ளலாம். அதற்காகச் சில மாதம் கூடுதலாகப் பிரிந்திருக்க வேண்டும் என்றால் வேண்டாம். ஒரு மனுவை மிச்சப்படுத்த அவ்வளவு நாளை விலையாகக் கொடுப்பது அதிகம்.

மனு போட்டபின் ஊரிலிருப்பவர் சுற்றுலா விசாவில் போய்ப் பார்த்துவிட்டு வருவது கடினமாகிவிடும். குடியேறும் எண்ணம் எழுத்தில் பதிவாகிவிட்டதே காரணம். மாமியார் வீட்டில் ஒன்றரை ஆண்டு இருக்கப்போகும் பெண்ணிடம் இதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

இண்டர்வியூவுக்கு மும்பை போக வேண்டும். நாகர்கோவிலிலிருந்து நேரடி ரயில் உண்டு. 16 வயதுக்குப் பின் ஓராண்டோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு வேற்று நாட்டிலிருந்தும் போலீஸ் சான்றிதழ் கேட்பார்கள். மஸ்கட்டிலோ தம்மாமிலோ வேலை செய்துவிட்டு வந்தவர், அங்கிருந்து கிளம்பும் முன் இதை வாங்கி வைத்தால் பிறகு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

பிரிட்டன்

இங்கே வரிசைத் தேதி கிடையாது. விண்ணப்ப நாளில் காகிதம் முழுமையாக இருக்கிறதா என்பதே கேள்வி. குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ பெற்றவர் துணைவரை அழைக்க, 2012 முதல் இருந்த 18,600 பவுண்டு ஆண்டு வருமான வரம்பு 2024 ஏப்ரல் 11 அன்று 29,000 ஆக உயர்ந்தது. ஒரே முதலாளியிடம் ஆறு மாதச் சம்பளச் சீட்டு காட்டும் வழியில், அந்த ஆறு மாதத்தில் மிகக் குறைந்த மாதம் எதுவோ அதை வைத்தே ஆண்டு வருமானத்தைக் கணக்கிடுவார்கள். மூன்றாம் மாதத்தில் சம்பளம் உயர்ந்து வரம்பைத் தாண்டியவர் அன்றிலிருந்து ஆறு மாதம் எண்ண வேண்டும். மேலும், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு ஆகியவற்றின் கடைசிப் பக்கம் விண்ணப்ப நாளுக்கு முந்தைய 28 நாளுக்குள் இருக்க வேண்டும். கல்யாணம் முடிந்த கையோடு போட்டு நிராகரிப்பு வாங்குபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் சறுக்குகிறார்கள். காசநோய்ப் பரிசோதனைச் சான்று ஆறு மாதம் செல்லும். அதைக் கடைசியில் எடுப்பதே நல்லது.

ஹெல்த் அண்ட் கேர் விசாவில் உள்ள செவிலியர் 29,000 வரம்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கணவன் டிபெண்டன்ட் விசாவில் போகலாம். ஆனால் செவிலியர் நிரந்தரக் குடியிருப்பு வாங்கியபின் கல்யாணம் செய்தால் கணவன் குடும்ப விசாப் பிரிவுக்குள் வருவார், வரம்பும் கட்டுப்படுத்தும். முதியோர் பராமரிப்புப் பணியாளர்களின் கதை வேறு. 2024 மார்ச் 11 முதல் புதிதாகப் போகும் கேர் வொர்க்கர்கள் துணைவரையோ பிள்ளைகளையோ அழைத்துச் செல்ல முடியாது என்று விதி மாறியது. ஒருவர் முதலில் போய் வீடு பிடித்து, பிறகு மற்றவரை அழைப்பது என்று திட்டமிட்டிருந்த குடும்பங்களின் திட்டமே அதோடு உடைந்தது. பிரிட்டனைப் பொறுத்தவரை, விதி மாறும் நாள் முன்பே அறிவிக்கப்பட்டால், சான்று முதிர்ந்தவர்கள் அந்த நாளுக்கு முன் போட்டுவிட வேண்டும்.

வளைகுடா

இங்கே குடியேற்றம் இல்லை, தங்கும் உரிமை மட்டும்தான். ஐக்கிய அரபு அமீரகத்தில் மாதம் 4,000 திர்ஹாம் அல்லது தங்குமிடத்தோடு 3,000 திர்ஹாம் சம்பளம் இருந்தால் குடும்பத்தை ஸ்பான்சர் செய்யலாம். குவைத் 2024 ஜனவரியில் குடும்ப விசாவைத் திரும்பத் திறந்தபோது 800 தினார் சம்பளமும் பட்டப்படிப்பும் கேட்டது. திருமணச் சான்றிதழை அமீரகத்துக்கும் குவைத்துக்கும் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம் என்று படிப்படியாக அட்டஸ்டேஷன் செய்ய வேண்டும். ஓமன், பஹ்ரைன், சவூதி ஆகியவை அப்போஸ்டில் உடன்படிக்கையில் உள்ளதால், அங்கே தூதரகப் படி இல்லாமல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையோடு முடியும்.

ஸ்பான்சரே வெளிநாட்டில் இருந்தால்

அமெரிக்கக் குடியுரிமை பெற்றபின் துபாயிலோ நாகர்கோவிலிலோ குடும்பத்தோடு வாழும் ஒருவர், துணைவரோடு திரும்பிப் போக நினைத்தால் நாளைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். ஐ-864 என்ற பொருளாதார உறுதிமொழியைக் கொடுப்பவர் அமெரிக்காவில் வசிப்பிடம் உள்ளவராக இருக்க வேண்டும். வெளியே இருப்பவர், துணைவர் போய்ச் சேரும் நாளுக்குள் தானும் அங்கே குடியமர்வதற்கான சான்றுகளைக் காட்ட வேண்டும். வேலை வாய்ப்புக் கடிதம், வீட்டு வாடகைப் பேச்சு, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை போன்றவை உதவும். வரிக் கணக்கும் தாக்கலாகி இருக்க வேண்டும். வருமானம் வறுமைக்கோட்டு அளவின் 125 சதவீதத்தை எட்டாவிட்டால் கூட்டு ஸ்பான்சர் தேவை. மிக முன்னதாகப் போட்டாலும் சிக்கல் உண்டு. தேசிய விசா மையம் அழைத்தபின் ஓராண்டு அசையாமல் இருந்தால் பதிவு ரத்தாகலாம். கிடைத்த விசாவை ஆறு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும், இறங்கியபின் நீண்ட காலம் வெளியே தங்கினால் கிரீன் கார்டே கேள்விக்குள்ளாகும். திரும்ப நினைக்கும் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுக்கு முன் மனு போடுவது பொருத்தமாக இருக்கும்.

கனடாவில் குடிமக்கள் வெளிநாட்டில் இருந்தபடியே ஸ்பான்சர் செய்யலாம், துணைவருக்கு விசா வந்ததும் திரும்பும் திட்டத்தைக் காட்டினால் போதும். நிரந்தரக் குடியிருப்பு மட்டும் உள்ளவர் கனடாவுக்குள் வசித்தால்தான் ஸ்பான்சர் ஆக முடியும். கல்யாண லீவை நீட்டி ஊரில் தங்கிவிட நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தலைப்பிரசவம்

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கம் இம்மாவட்டத்தில் இன்றும் உறுதியாக உள்ளது, அதனால் விண்ணப்ப நாளைப் பிரசவத்தோடும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். விசாவுக்கான காசநோய்ப் பரிசோதனையில் மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருப்பதால், கருவுற்ற பெண்ணுக்கு வயிற்றை மறைக்கும் கவசத்தோடு எடுப்பது, சளிப் பரிசோதனை செய்வது, பிரசவம்வரை தள்ளிவைப்பது ஆகிய வழிகளைப் பிரிட்டனின் விதி தருகிறது. பிறந்த குழந்தைக்குத் தனிப் பாஸ்போர்ட்டும் தனி விசாவும் வேண்டும். அமெரிக்காவில் கிரீன் கார்டு உள்ள தாய் ஊருக்கு வந்து பெற்றெடுத்தால் விதிவிலக்கு உண்டு. குழந்தைக்கு இரண்டு வயது ஆகும் முன், தாய் முதல்முறை திரும்பும்போதே கூட்டிச் சென்றால் குழந்தைக்குக் குடியேற்ற விசா வேண்டாம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் தாயின் கிரீன் கார்டும் பயணத்தின்போது கையில் இருந்தால் போதும். குழந்தையை ஆச்சியிடம் விட்டுவிட்டுத் தாய் மட்டும் ஒருமுறை போய்வந்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். பிறகு எஃப்2ஏ மனுதான்.