சிங்கப்பூரில் சிறுதொழில்களுக்கான மென்பொருள் உதவி

கணக்கு, சரக்கிருப்பு, விற்பனை, சம்பளப் பட்டியல் போன்ற அன்றாட வேலைகளைச் சிறிய, நடுத்தர நிறுவனங்கள் மென்பொருளுக்கு மாற்றிக்கொள்ளச் சிங்கப்பூர் அரசு வழங்கிவரும் மானியம், வரிச்சலுகை, ஆலோசனை, பயிற்சி ஆகியவற்றின் தொகுப்பு. அந்நாட்டு நிறுவனங்களில் ஏறக்குறைய 99 விழுக்காடு இவ்வகையைச் சேர்ந்தவை. வேலை செய்வோரில் சுமார் 70 விழுக்காட்டினர் இவற்றை நம்பியே இருக்கிறார்கள். இடமும் ஆளும் குறைந்த தீவில் ஒரு கடை குறைந்த ஆட்களைக் கொண்டு அதிக வேலை செய்யக் கற்றால்தான் பொருளாதாரம் வளரும் என்ற கவலையில் பிறந்தவை இத்திட்டங்கள். மானியப் பணம் மென்பொருளைக் கடை வாசல்வரை கொண்டு வந்து விட்டது. வாடிக்கையாளரோ வங்கியோ அரசு அலுவலகமோ மறுமுனையில் காத்திருந்தபோதுதான் அது அன்றாடப் புழக்கத்தில் ஊன்றியது. நாற்பதாண்டு வரலாற்றிலிருந்து துலங்கும் பாடம் இதுவே.

தொடக்கம்

1981இல் நிறுவப்பட்ட தேசியக் கணினி வாரியம் முதலில் அரசு அலுவலகங்களைக் கணினிமயமாக்கியது. தனியார் துறையில் பெரிய மாற்றத்தைக் கொண்டு வந்தது 1989இல் செயல்படத் தொடங்கிய டிரேட்நெட் என்ற மின்னணு வலையமைப்பு. அதற்கு முன்பு ஏற்றுமதி, இறக்குமதி அனுமதி பெற ஊழியர் ஒருவர் பல படிவங்களை நிரப்பிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். அனுமதி கைக்கு வர நாள்கணக்கானது. டிரேட்நெட் அந்தப் படிவங்களை ஒரே மின்னணு விண்ணப்பமாக்கி, காத்திருப்பை நிமிடக்கணக்காகச் சுருக்கியது. சரக்கு முகவர்கள் கணினிக்கு மாறியதற்குக் காரணம் கணினியின் விலை குறைந்தது என்பதைவிட, சுங்கத்துறையும் அதே வலையமைப்பில் இருந்தது என்பதே.

வரிச்சலுகைக் காலம்

பொருளியல் உத்திகள் குழு 2010இல் உற்பத்தித்திறன் ஆண்டுக்கு 2 முதல் 3 விழுக்காடு உயர வேண்டும் என இலக்கு வைத்தது. அதே ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் உற்பத்தித்திறன், புத்தாக்க ஊக்கத்திட்டம் அறிவிக்கப்பட்டது. கணினி, மென்பொருள், பயிற்சி முதலியவற்றுக்கான செலவில் 400 விழுக்காடு வரை வரிக்கழிவு கிடைத்தது. வரி கட்டும் அளவுக்கு லாபம் இல்லாத சிறு நிறுவனங்கள் ரொக்கமாகவே பெறலாம். அந்த ரொக்க விகிதம் 2012இல் செலவில் 60 விழுக்காடாக உயர்ந்தது. துறை பார்க்காமல் கை நீட்டியவர் எல்லாருக்கும் கிடைத்ததே இத்திட்டத்தின் பலமும் பலவீனமும். விலையை உயர்த்திக் காட்டியும் பொய்க் கணக்குக் காட்டியும் ரொக்கம் பெற்றவர்கள் மீது உள்நாட்டு வருவாய் ஆணையம் வழக்குத் தொடுத்தது. உற்பத்தித்திறன் வளர்ச்சியோ 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலக்கை எட்டவில்லை. 2016 ஆகஸ்ட் முதல் ரொக்க விகிதம் 40 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2018ஆம் வரி மதிப்பீட்டு ஆண்டோடு திட்டம் முடிந்தது. வாங்கிய பொருளுக்குப் பணம் தரும் அரசு, அது பயன்பட்டதா என்று பார்க்காதபோது, வாங்குவதே தொழிலாகிவிடும் என்பதற்கு இக்காலம் சான்று.

தேர்ந்தெடுத்த தீர்வுகள்

2017இல் தொடங்கிய சிறிய, நடுத்தர நிறுவனங்களின் மின்னிலக்கமயத் திட்டம் பாதையை மாற்றியது. சில்லறை வணிகம், உணவுச்சேவை, தளவாடம் என ஒவ்வொரு துறைக்கும் எந்த மென்பொருளை எந்தக் கட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்ற வழிகாட்டி எழுதப்பட்டது. 2018 ஏப்ரலில் வந்த உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியம், அரசு முன்கூட்டியே சோதித்து ஏற்ற மென்பொருள்களுக்குச் செலவில் 70 விழுக்காடு வரை கொடுத்தது. நடைமுறை கறாரானது: ஏற்கப்பட்ட விற்பனையாளரிடம் விலைப்புள்ளி வாங்கி, இணையவாசலில் விண்ணப்பித்த பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம், முழுத் தொகையையும் கட்டி, மென்பொருளை நிறுவிய பிறகே மானியம் திரும்ப வரும். மோசடியை இது மட்டுப்படுத்தியது. ஆனால், கையிருப்பு குறைந்த கடைக்காரருக்கு அந்த இடைவெளியே தடையானது. மானியத்தின் விகிதத்தைப் பற்றிப் பேசுவோர் அது கைக்கு வரும் நாளைப் பற்றியும் பேச வேண்டும்.

பெருந்தொற்றும் உணவங்காடிகளும்

2020இல் உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியத்தின் விகிதம் 80 விழுக்காடாக உயர்ந்தாலும், அவ்வாண்டின் சிறந்த பாடம் உணவங்காடிகளில் கிடைத்தது. மாதம் குறைந்தது 20 மின்னணுப் பணப்பரிவர்த்தனை செய்த கடைக்காரருக்கு 300 வெள்ளி வீதம் ஐந்து மாதங்கள் வரை ஊக்கத்தொகை தரப்பட்டது. மின்னிலக்கத் தூதர்கள் கடைகளுக்கே போய், பணம் வந்து சேர்ந்ததைக் கைப்பேசியில் எப்படிச் சரிபார்ப்பது என்று காட்டினார்கள். ஊக்கத்தொகை கருவிக்குத் தரப்படவில்லை, பயன்பாட்டுக்குத் தரப்பட்டது. மறுமுனையில் பேநவ் என்ற மின்னணுப் பணப்பரிமாற்றச் சேவையில் கணக்கு வைத்திருந்த வாடிக்கையாளர் ஏற்கெனவே காத்திருந்தார்.

மறுப்புகளும் மதிப்பீடும்

லாபம் தரும் மென்பொருளை வணிகர் தாமே வாங்குவார், அரசுப் பணம் எப்படியும் நடக்கவிருந்த செலவுக்கே போகிறது என்பது முதல் மறுப்பு. வரிச்சலுகைக் காலத்துக்கு இது பெருமளவு பொருந்தும். மின்விலைப்பட்டியல் போன்றவற்றுக்குப் பொருந்தாது: வாங்குபவரும் விற்பவரும் ஒருசேர மாறும்வரை, முதலில் மாறியவருக்குச் செலவுதான் மிச்சம். அந்தத் தொடக்கத் தயக்கத்தை உடைக்கப் பொதுப்பணம் தேவை.

அப்படியானால் மானியம் எதற்கு, சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தினால் போதாதா என்பது இரண்டாவது மறுப்பு. கட்டாயத்தின் சுமை எல்லார்மீதும் சமமாக விழுவதில்லை. பெரிய நிறுவனத்தில் கணக்குப் பிரிவு இருக்கிறது. சிறு கடையில் முதலாளியே காசாளர், கணக்கர், சமையற்காரர். 2019இல் அறிமுகமான இன்வாய்ஸ்நவ் என்ற மின்விலைப்பட்டியல் வலையமைப்பைப் பொருள், சேவை வரியோடு இணைத்தபோது அரசு இதை உணர்ந்து நடந்தது: 2025 நவம்பரில், தாமாக முன்வந்து வரிக்குப் பதியும் புதிய நிறுவனங்களிடம் மட்டும் கட்டாயத்தைத் தொடங்கியது. பழைய நிறுவனங்களுக்கு இந்த அவகாசம் பயனளிக்க, ஆலோசனையும் பயிற்சியும் அவர்களைத் தேடிச் செல்ல வேண்டும்.

2023 ஏப்ரலில் உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியத்தின் விகிதம் 50 விழுக்காடாக இறங்கியதும், வாங்குவதைவிடப் பயன்பாட்டைப் பார்க்கும் திசையோடு ஒத்துப்போகிறது. எத்தனை நிறுவனங்கள் மானியம் பெற்றன என்பது செலவின் கணக்கு. மானியம் தீர்ந்து, சந்தாவைச் சொந்தக் காசில் புதுப்பிக்க வேண்டிய நாளில் எத்தனை பேர் புதுப்பித்தார்கள் என்பதே பயனின் கணக்கு. இவ்வகைத் திட்டம் தீட்டும் எந்த அரசும் அதைத்தான் முதலில் வெளியிட வேண்டும்.