புறக்கடை யாருக்குச் சொந்தம்? நத்தமும் சேரியும் மூன்று சென்ட் மனையும்

ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு வட்டாரத்தில் விசைத்தறி ஓடும் ஊர்த்தெருக்களைப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு கட்டு, மாடியில் ஒரு போர்ஷன் என்று எடுத்துக் கட்டியிருப்பார்கள். மகனுக்குக் கல்யாணம் ஆனால் அங்கே தனிக்குடித்தனம் வைப்பார்கள், இல்லாவிட்டால் வாடகைக்கு விடுவார்கள். காலனியிலும் குடும்பங்கள் பெருகத்தான் செய்கின்றன. 3 சென்ட் மனையில் அப்பா, இரண்டு மகன்கள் என்று மூன்று அடுப்பு எரிகிறது. ஊர்த்தெருவில் இதற்கு 'வீட்டை எடுத்துக் கட்டினார்' என்று பெயர். காலனியில் அதுவே 'ஆக்கிரமிப்பு' ஆகிவிடுகிறது.

இந்த வேறுபாட்டுக்கான காரணத்தைக் கட்டட விதிகளில் மட்டும் தேடினால் கிடைக்காது. வீட்டுக்கு அடியில் இருக்கும் மண் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வியில்தான் அது இருக்கிறது.

ஊரைப் பிரித்து வைக்கும் ஏற்பாடு நம் நாட்டில் மிகப் பழையது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள், வரி விலக்கு பெற்ற நிலங்களை ஊர்வாரியாகப் பட்டியலிடுகின்றன. அதில் ஊர்நத்தம் தனியாக வருகிறது. பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி ஆகியவை தனித்தனியாக வருகின்றன. 'மண்டலப் பிரிப்பு' என்ற நகரமைப்புச் சொல் பிறப்பதற்கு 900 ஆண்டுகளுக்கு முன்பே, யார் எங்கே குடியிருக்கலாம் என்பது இங்கே கல்லில் எழுதப்பட்டுவிட்டது.

வெள்ளையர் ஆட்சி இந்தப் பிரிவை அழிக்கவில்லை, கணக்கில் ஏற்றிக்கொண்டது. 1891-இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர், பறையர் நிலை பற்றித் தன் அறிக்கையை எழுதினார். பஞ்சமி நிலத்துக்கான அறிக்கை என்றுதான் நாம் அதை நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அது குடியிருப்பைப் பற்றியும் பேசியது. சேரி மனை மிராசுதாரின் பிடியில் இருந்தது. கூலி கேட்டு எதிர்த்துப் பேசினால், வேலையோடு வீடும் போய்விடும். பண்ணையாளைக் கட்டிப்போட விலங்கு தேவைப்படவில்லை, குடிசை நின்ற மண்ணே போதும்.

1892 செப்டம்பர் 30 அன்று வந்த 1010-ஆம் எண் அரசாணை, ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சாகுபடி நிலம் ஒதுக்க வழி திறந்தது. அது அரசின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருந்த தரிசு நிலங்களுக்கானது. திருத்தணி வட்டாரத்தின் பெரும்பகுதி அப்போது கார்வேட்டிநகரம் ஜமீன். ஜமீன் ஊர்களின் தரிசைத் தூக்கிக் கொடுக்க அந்த அரசாணையால் முடியாது. நம் பகுதியில் பஞ்சமி நிலம் தேடும் இளைஞர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. தேடுவதற்கு முன், அந்த ஊர் ஜமீனா, ரயத்துவாரியா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து வந்தது 1905-ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம். தனியாருக்கு உரிமையில்லாத நிலமெல்லாம் அரசுடையது என்று அறிவித்த அச்சட்டம், அதிலிருந்து சிலவற்றுக்கு விலக்கும் தந்தது. கோயில் மனைக்கு விலக்கு. ஒருவருக்குச் சொந்தமான வீட்டு மனைக்கும் புறக்கடைக்கும் விலக்கு. ஆம், புறக்கடை என்பதைச் சட்டமே தனியாகச் சொன்னது. நத்தத்தில் வீடு வைத்திருந்தவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் 'சொந்தமான' என்ற ஒரு சொல்லில் சேரி வெளியே நின்றது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும், மிராசுதாரின் தயவில் இருப்பவர்களாகவே சேரி மக்கள் கருதப்பட்டார்கள். சொந்த வீட்டு மனையே இல்லாதவருக்குப் புறக்கடை எங்கிருந்து வரும்?

1920-களில் தொழிலாளர் துறை சேரி மக்களுக்கு வீட்டு மனை வாங்கிக் கொடுக்கத் தொடங்கியது. நிலத்தைக் கையகப்படுத்தி, அதன் விலையை அந்த மக்களிடமே தவணையில் வசூலித்தது. மற்றவர்கள் காலம்காலமாக விலையின்றி அனுபவித்த நத்தத்துக்கு ஈடாக, நம் முன்னோர் கூலியில் மிச்சம் பிடித்துப் பணம் கட்டினார்கள்.

இதற்கிடையில் நம் பகுதியின் நிர்வாகமே கைமாறிக்கொண்டிருந்தது. வடஆற்காட்டிலிருந்து 1911-இல் சித்தூர் மாவட்டம், 1953-இல் ஆந்திரம், எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 முதல் மீண்டும் சென்னை மாநிலம். எந்த மொழிக்கு எந்த ஊர் என்று பெரிய போராட்டம் நடந்தது. சேரியின் மண் யாருக்கு என்ற கேள்விக்கு அந்தப் போராட்டத்தில் இடம் கிடைக்கவில்லை.

1971-இல் வந்த குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம்தான் முதல் பெரிய உடைப்பு. பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையையே அது உரிமையாக்கியது. 1978-இல் அரிஜன நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டம் வந்தது. வீட்டு மனைக்கு நிலத்தை விரைவாக எடுக்க மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் கிடைத்தது. நில உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1994-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆனால் இழப்பீட்டைத் தவணையில் கொடுக்கலாம் என்ற பகுதியை மட்டும் நீக்கியது. 1920-களில் நாம் தவணையில் கட்டியதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

இப்படி வந்தவைதான் இன்றைய காலனிகளில் பல. கிராமங்களில் பொதுவாக 3 சென்ட், அதாவது சுமார் 1,307 சதுர அடி. ஒரு குடும்பத்துக்கு என்று அளந்து கொடுத்த மனை. இரண்டாம் தலைமுறைக்கு அதில் கணக்கு இல்லை. பட்டாவில் நிபந்தனைகளும் உண்டு, குறிப்பிட்ட காலத்துக்கு விற்க முடியாது.

இனி கட்டட விதிக்கு வருவோம். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், சாதாரணக் கட்டடத்துக்கு மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு தளப்பரப்பை அனுமதிக்கின்றன. 3 சென்ட் மனையில் ஏட்டளவில் சுமார் 2,600 சதுர அடி. சுற்றிலும் விட வேண்டிய காலியிடம் போனாலும், இன்னொரு குடும்பத்துக்கு மாடியில் இடம் உண்டு. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் தரைத்தளமும் முதல் தளமும் கட்ட, சுயசான்று அடிப்படையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. ஆனால் விண்ணப்பத்தோடு உரிமை ஆவணம் வேண்டும். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் கிடைக்கும், அதற்கும் பட்டா வேண்டும். தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டாவை வைத்துக்கொண்டு பேரன் எந்த வாசலைத் தட்டுவான்? விதி சாதியைக் கேட்பதில்லை, பட்டாவைக் கேட்கிறது. பட்டா யாரிடம் இல்லை என்பதைச் சாதி முன்பே முடிவு செய்துவிட்டது.

அமெரிக்காவிலும் கதை இதுதான். கறுப்பின மக்கள் எந்தத் தெருவில் குடியேறலாம் என்று லூயிவில் நகரம் போட்ட சட்டத்தை 1917-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நிறத்தைச் சொல்லித் தடுக்க முடியாதபோது, ஒரு மனைக்கு ஒரு வீடுதான் என்ற மண்டல விதி அதே வேலையைச் செய்தது. பின்கட்டோ வாடகைப் போர்ஷனோ இல்லாத தெருவில் ஏழைகள் எப்படிக் குடியேறுவார்கள்? கலிபோர்னியாவில் புறக்கடை வீடுகளுக்கான தடைகள் பெரிய அளவில் தளர 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வாடகைக்கு வருவோம். சொந்த மனையில் இடமில்லாதவர் ஊர்த்தெருவில் வாடகைக்குக் கேட்டால், பெயருக்குப் பின் வரும் கேள்வி நமக்குத் தெரியும். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. சாதியைக் காரணம் காட்டி வீடு மறுப்பதைத் தடுக்கும் பிரிவு அதில் இல்லை. 2005-இல் ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், ஒரே சமூகத்தாருக்கு மட்டும் உறுப்பினர் உரிமை என்ற விதியை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இனத்தை வைத்து வீடு மறுக்கும் ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-இலேயே சொல்லிவிட்டது.

எனவே தோழர்களே, காலனி நெரிசலைக் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சினையாகவோ சுத்தம் சுகாதாரப் பிரச்சினையாகவோ பேசுபவர்களிடம் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். உங்கள் ஊரின் அ பதிவேட்டையும் நத்தம் அடங்கலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். எத்தனை வீட்டுக்குப் பட்டா, எத்தனை பட்டா இறந்தவர் பெயரில் என்று தெருத்தெருவாக எழுதுங்கள். வாரிசுப் பெயர் மாற்றத்துக்குக் கூட்டாக மனு கொடுங்கள். மணமான பிள்ளைகளுக்குத் தனி மனை கேட்டு கிராம சபையில் தீர்மானம் கொண்டு வாருங்கள். வாடகைச் சட்டத்தில் சாதிப் பாகுபாட்டுத் தடை வேண்டும் என்பதைக் கோரிக்கையாக்குங்கள்.

ஊர்த்தெருவின் புறக்கடையை 1905-லேயே சட்டம் காப்பாற்றியது. காலனியின் புறக்கடைக்கும் அதே பாதுகாப்பைத்தான் கேட்கிறோம்.

ஜெய் பீம்.